துப்பாக்கி சுடப் பழக நம் பக்கத்தில் நல்ல இடம் எது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கரும்பும் மஞ்சளும் போடும் குடும்பம் எங்களுடையது. ஒன்பதாவது படிக்கும் என் மகளுக்குத் துப்பாக்கி சுடுதல் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை, எனக்கும் வீட்டுக்காரருக்கும் அதில் முழுச் சம்மதம். ஆனால் எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது, சேர்க்கிற இடம் பிள்ளைக்குப் பாதுகாப்பானதா என்று யாரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது? ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர் என்று இந்தக் கொங்குச் சீமை முழுக்க இந்தக் கேள்வியோடு நிற்கிற பெற்றோர் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதால்தான் இந்தக் கடிதம்.

மற்ற விளையாட்டுகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. கபடிக்கு யாரிடம் போக வேண்டும், சிலம்பத்துக்கு எந்த வாத்தியார் நல்லவர் என்று டீக்கடையில் கேட்டால்கூடச் சொல்லிவிடுவார்கள். துப்பாக்கி என்று வாயெடுத்தால் மட்டும் ஒருவர் "அதெல்லாம் போலீஸ்காரங்களுக்குங்க" என்கிறார், இன்னொருவர் "லைசென்ஸுக்குக் கலெக்டர் ஆபீஸுக்கு நடையா நடக்கோணுமுங்க" என்கிறார், என் மாமியார் "பொட்டப்புள்ளைக்கு இது எதுக்கு அம்மிணி" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுகிறார். விவரம் தெரிந்து சொல்கிறவர்கள் அநேகமாகக் கோவைக்குப் போங்கள் அல்லது சேலத்துக்குப் போங்கள் என்கிறார்கள். கோவையிலும் சேலத்திலும் ரைபிள் கிளப்புகள் உண்டு, உண்மைதான், ஆனால் கோபியிலிருந்து கோவை சுமார் 80 கிலோமீட்டர், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையைச் சாயங்காலம் பஸ் ஏற்றி அங்கே கூட்டிப்போய் ராத்திரி திரும்பி வருவது வாரத்துக்கு ஒரு நாள்கூட நடக்கிற காரியம் இல்லை. இந்த விளையாட்டு வாரத்துக்கு ஒரு நாள் பழகினால் வருகிற விளையாட்டும் இல்லை.

லைசென்ஸ் பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பெற்றோர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். பிள்ளைகள் பழக ஆரம்பிப்பது தோட்டா போடும் துப்பாக்கியில் இல்லை. காற்றழுத்தத்தில் பெல்லட் என்கிற சின்ன ஈயக் குண்டைத் தள்ளும் ஏர் ரைபிளிலும் ஏர் பிஸ்டலிலும்தான் பழகுகிறார்கள். ஒலிம்பிக்கில் 10 மீட்டர் என்று சொல்லும் பிரிவு இதுதான். 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், 2012-ல் லண்டனில் சென்னையில் பிறந்த ககன் நாரங் வெண்கலம் வாங்கியதும் இதே 10 மீட்டர் ஏர் ரைபிளில். 2016-ஆம் வருடத்து ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் குழல் துளையும் 20 ஜூலுக்கு மேல் போகாத ஆற்றலும் உள்ள ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. போட்டி ரைபிளின் ஆற்றல் சுமார் 7.5 ஜூல்தான். அப்புறம், கண்ணாடி போட்ட பிள்ளையால் முடியாது என்று ஒரு பேச்சு உண்டு. பிந்த்ராவும் நாரங்கும் கண்ணாடி போட்டவர்கள்தான்.

லைசென்ஸ் வேண்டாம் என்றதும் அதை விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடவும் கூடாது. பெல்லட் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை என்பதாலேயே நாலு ஏர்கன்னை வாங்கிச் சுவரில் குறி வைக்கும் அட்டையை ஒட்டி, 'அகாடமி' என்று போர்டு மாட்டுவதும் சுலபமாக இருக்கிறது. சென்ற கோடை விடுமுறையில் அப்படி ஓர் இடத்துக்கு மகளைக் கூட்டிப் போனோம். ஊர் பெயர், இடத்தின் பெயர் எதுவும் இங்கே வேண்டாம். மாடியில் தகரக் கூரை போட்ட நீளமான கூடம். நாலைந்து பிள்ளைகள் சுட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு பையன் தன் அட்டையை மாற்றுவதற்காக முன்னால் நடந்து போகிறான், நில்லு என்று சொல்ல அங்கே ஆள் இல்லை, சொல்லிக்கொடுப்பவர் வராந்தாவில் போன் பேசிக்கொண்டிருக்கிறார். அட்டைக்குப் பின்னால் இரும்புத் தகட்டை நேராக நிறுத்தியிருந்தார்கள், பெல்லட் அதில் பட்டுத் திரும்பித் தெறித்தது. ஒரு பிள்ளைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி இல்லை. தரையில் கிடந்த நசுங்கிய ஈயத்தைச் சின்னப் பிள்ளை ஒன்று கையில் பொறுக்கிக்கொண்டிருந்தது. மகளைக் கூப்பிட்டுக்கொண்டு வந்துவிட்டோம். அங்கே பணம் கட்டிச் சேர்த்திருந்த மற்ற பெற்றோர் யாருக்கும் அதில் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது, நல்ல இடம் எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

எனக்குக் கொஞ்சம் தெரிந்ததற்குக் காரணம் நான் கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவள். .22 ரைபிள் சுடும் நாளில் எங்கள் ஹவில்தார் எத்தனை புள்ளி எடுத்தோம் என்று பார்க்கவே மாட்டார், குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது, விரல் எங்கே இருக்கிறது என்று மட்டும்தான் பார்ப்பார். குழல் இலக்கை விட்டுப் பக்கவாட்டில் திரும்பினால் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு ரைபிள் கிடையாது. அவரிடம் கற்றதையும், அப்புறம் நல்ல சுடுதளங்களில் பார்த்ததையும் வைத்து, பிள்ளையைச் சேர்க்கப் போகிற பெற்றோர் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

சுடும் கோடு என்று தரையில் ஒன்று இருக்க வேண்டும், ஒருவர் சுடும்போது அந்தக் கோட்டைத் தாண்டி யாரும், கோச் உட்பட, முன்னால் போகக் கூடாது. அட்டையை மாற்ற மோட்டாரோ கயிறும் கப்பியுமோ வைத்து அட்டையே ஆளிடம் வர வேண்டும். அந்த வசதி இல்லாத இடத்தில் எல்லோரும் சுடுவதை நிறுத்தி, துப்பாக்கியைக் கீழே வைத்து, ஒருவர் சரிபார்த்த பிறகுதான் போக வேண்டும். லோட், ஸ்டார்ட், ஸ்டாப், அன்லோட் என்ற கட்டளைகள் ஒருவர் வாயிலிருந்து மட்டும் வர வேண்டும், ஸ்டாப் என்றால் அரைகுறையாகக் குறி வைத்துக்கொண்டிருந்த பிள்ளையும் அந்த நொடியே நிறுத்த வேண்டும். சுடாத நேரத்தில் ஒவ்வொரு துப்பாக்கியின் குழலிலும் பளிச்சென்ற நிறத்தில் சேஃப்டி ஃபிளாக் என்கிற அடையாளக் கயிறு செருகியிருக்க வேண்டும். ஏர் ரைபிளில் அது குழலின் முழு நீளத்துக்கும் போகிற நீளத்தில் இருக்கும், அதைப் பார்த்தாலே உள்ளே பெல்லட் இல்லை என்று தூரத்திலிருந்தே தெரியும். பெல்லட் போய் விழும் பெட்டியில் தகடு சாய்வாக இருக்க வேண்டும், அப்போதுதான் பெல்லட் கீழே தட்டில் விழும். சுடும் கோட்டுக்கு முன்னால் இருக்கிற கதவும் ஜன்னலும் பூட்டியிருக்க வேண்டும், வெளியிலிருந்து ஆள் தெரியாமல் உள்ளே வந்துவிடக் கூடாது.

காற்று சிலிண்டரைப் பற்றி யாருமே கேட்பதில்லை. போட்டி ரைபிளிலும் பிஸ்டலிலும் பெல்லட்டைத் தள்ளுகிற காற்றை அடைத்து வைத்த சிலிண்டருக்குள் 200 பார் அழுத்தம் இருக்கும், கார் டயரில் இருப்பதைப் போல ஏறத்தாழ 100 மடங்கு. சிலிண்டரின் மேலேயே தேதி பொறித்திருப்பார்கள், 10 வருடத்துக்கு மேல் ஆனதைப் போட்டியில் அனுமதிப்பதில்லை. பழைய துப்பாக்கியை வாங்கிவந்து பயிற்சி தருகிற இடத்தில் அந்தத் தேதியைக் காட்டச் சொல்லிப் பாருங்கள், தயங்காமல் காட்டினால் நல்ல இடம்.

ஈயமும் அப்படித்தான். சுட்டு முடித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பிள்ளைகள் முறுக்கும் பஜ்ஜியும் சாப்பிடக் கூடாது, பெல்லட்டை வாயில் வைத்துக்கொள்கிற பழக்கம் கூடவே கூடாது. கூடத்தைக் காய்ந்த விளக்குமாற்றால் பெருக்கினால் ஈயத்தூசி மேலே கிளம்பும், ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். காற்றோட்டம் வேண்டும். வளர்கிற பிள்ளைகளுக்கு ஈயம் எவ்வளவு கெடுதல் என்று டாக்டர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இத்தனையும் சொன்னால் இவ்வளவு ஆபத்தா என்று பயந்துவிட வேண்டாம். இவை ஒழுங்காக இருக்கிற இடத்தில் இது மிகவும் அமைதியான, நிதானமான விளையாட்டு. ஒழுங்கு தவறினால் என்ன ஆகும் என்பதையும் நம் மாநிலம் பார்த்திருக்கிறது. 2021 டிசம்பர் 30-ஆம் தேதி புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்த சுடுதளத்திலிருந்து பாய்ந்த குண்டு, தூரத்தில் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பட்டது. சில நாளில் அந்தப் பிள்ளை இறந்துபோனான். அது பெரிய துப்பாக்கி, திறந்தவெளித் தளம், நான் பேசுகிற 10 மீட்டர் ஏர் ரைபிள் கூடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். ஆனால் சுடுதளம் என்றாலே பின்சுவர், எல்லை, கண்காணிப்பு இவற்றை வெளி ஆள் ஒருவர் வந்து சரிபார்க்க வேண்டும் என்பதற்கு அதைவிட வேறு காரணம் வேண்டுமா? 25 மீட்டர், 50 மீட்டர் தோட்டாத் துப்பாக்கி எல்லாம் காவல்துறை மாதிரிப் பொறுப்புள்ளவர்கள் கையில்தான் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. நான் கேட்பது கூரைக்குள் இருக்கிற 10 மீட்டர் கூடங்களை மட்டும்.

நம்மால் முடியுமா என்று கேட்பவர்களுக்குக் கோலாப்பூரைக் காட்டுகிறேன். மகாராஷ்டிராவில் கரும்பும் வெல்லமும் வார்ப்படத் தொழிலும் பேர் பெற்ற மாவட்டம் அது, நம்முடைய கவுந்தப்பாடி வெல்லத்தையும் கோவை ஃபவுண்டரிகளையும் ஒரே இடத்தில் வைத்தால் எப்படியோ அப்படி. அங்கிருந்து தேஜஸ்வினி சாவந்த் 2010-ல் உலக சாம்பியன் ஆனார், ராஹி சர்னோபத் 2018 ஆசிய விளையாட்டில் 25 மீட்டர் பிஸ்டலில் தங்கம் வாங்கினார், ஸ்வப்னில் குசாலே 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார். ஒரே மாவட்டத்துக்காரர்கள். அதே பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கிய மனு பாக்கர் ஹரியானாவில் ஜஜ்ஜர் மாவட்டத்துக் கிராமத்துப் பெண், அவர் படித்த பள்ளியிலேயே சுடுதளம் இருந்தது. நம் இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்த பெண்தான், இரண்டு ஒலிம்பிக்கில் ஆடியவர், ஆனால் வளர்ந்ததும் கற்றுக்கொண்டதும் குஜராத்தில். இங்கே இருந்திருந்தால் அவருக்கு எந்த ஊரில் என்ன கிடைத்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

10 மீட்டர் கூடத்துக்கு மைதானமே வேண்டாம் என்பதைத்தான் ஆட்சியில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். 10 மீட்டர் என்றால் 33 அடி. முன்னால் பெல்லட் பெட்டிக்கும் பின்னால் ஆட்களும் கோச்சும் நிற்பதற்கும் இடம் சேர்த்தால் 50 அடி நீளம் போதும், ஒரு ஆளுக்கு ஒரு மீட்டர் அகலம். 20 அடி அகலம் இருந்தால் ஐந்து பேர் தாராளமாகச் சுடலாம். அட்டை தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், அதன் மேல் 1500 லக்ஸ் வெளிச்சம் விழ வேண்டும். ரைபிள் அட்டையில் பத்து மதிப்பெண் தரும் நடுப்பொட்டின் அகலமே அரை மில்லிமீட்டர்தான், வெளிச்சம் மங்கினால் பிள்ளை கண்ணைச் சுருக்கிச் சுருக்கியே கெடுத்துக்கொள்ளும். சரி, இப்படி ஒரு கூடம் நம்மிடம் இல்லையா? பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் சோமனூரிலும் தறி ஓடாமல் பூட்டிக் கிடக்கிற குடோன்கள் எத்தனை, ஈரோட்டில் பழைய மஞ்சள் குடோன்கள் எத்தனை, ஊருக்கு ஊர் இருக்கிற பொறியியல் கல்லூரிகளில் காலியாக இருக்கிற ஒர்க்‌ஷாப்புகள் எத்தனை. அட்டையைக் கொண்டுவரும் மோட்டார் அமைப்பும் சாய்வுத் தகட்டுப் பெட்டியும் கோவை கணபதியிலோ பீளமேட்டிலோ எந்த லேத் பட்டறையில் படம் வரைந்து கொடுத்தாலும் செய்து தருவார்கள். பம்பும் மோட்டாரும் செய்து நாடு முழுக்க அனுப்புகிற ஊருக்கு இது ஒரு வேலையா?

செலவைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் போட்டி ரைபிள் சில லட்சம் ஆகும், அதற்குத் தடித்த ஜாக்கெட், பேண்ட், கையுறை, ஷூ என்று தனிச் செலவு. பிஸ்டலுக்கு அந்த உடுப்பெல்லாம் கிடையாது, அதனால் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் பிஸ்டலில் ஆரம்பிப்பது நல்லது. எதுவாக இருந்தாலும் ஆரம்பத்தில் யாரும் சொந்தமாக வாங்க வேண்டாம், கூடத்துத் துப்பாக்கியையே மாற்றி மாற்றிப் பழகலாம். என் மகள் இடதுகைக்காரி, பிஸ்டலின் மரப்பிடி வலதுகைக்கு வேறு, இடதுகைக்கு வேறு என்பதால் இடதுகைப் பிடி ஒன்றாவது இருக்கிற இடமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. நல்ல கோச் இருந்தால் ஆரம்பத்தில் பெல்லட் இல்லாமல் வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்துப் பிடித்து நிற்கவும் மூச்சை அடக்கவும் ட்ரிகரை மெதுவாக அழுத்தவும்தான் சொல்லித்தருவார், அதற்குச் செலவே இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், என் மனதை உறுத்துகிற விஷயம். நம் பக்கத்துப் பிள்ளைகள் முதலில் ஏர்கன்னைத் தொடுவது அந்தியூர் குருநாதசாமி திருவிழா மாதிரி இடங்களில் பலூன் சுடும் கடையில். கை நன்றாக வருகிறது என்று தெரிந்ததும் சில பையன்கள் கடையில் ஓர் ஏர்கன் வாங்கித் தோட்டத்தில் அலைகிறார்கள். அட்டையும் இல்லை, கூடமும் இல்லை, அப்புறம் அவர்கள் சுடுவது எதை? கவுதாரியை, புறாவை, குளத்தங்கரையில் கொக்கை, சில இடங்களில் மயிலைக்கூட. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டினால் படிப்பும் வேலையும் போய்விடும் என்று அந்தப் பையன்களுக்குத் தெரியாது. திருப்பூர் நஞ்சராயன் குளத்தை 2022-ல் பறவைகள் சரணாலயமாக்கினார்கள், 2024-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது, பெருந்துறை பக்கம் வெள்ளோடு சரணாலயம் இருக்கிறது. இப்படிப்பட்ட குளங்களுக்குப் பக்கத்தில் வளர்கிற, குறி தப்பாத கையுள்ள பையனுக்கு ஒரு கூடத்தையும் ஒரு கோச்சையும் காட்டினால் அவன் மாநிலப் போட்டிக்குப் போவான், பறவையும் பிழைக்கும்.

ஆகவே தயவுசெய்து இதைச் செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு மாவட்ட விளையாட்டு அலுவலகத்திலும் அந்த மாவட்டத்தில் துப்பாக்கி சுடுதல் சொல்லித்தரும் இடங்களின் பட்டியலைத் தமிழில் ஒட்ட வேண்டும், இணையத்திலும் போட வேண்டும். யார் நடத்துகிறார்கள், மாநிலச் சங்கத்தோடு இணைந்த கிளப்பா, கோச் எங்கே தகுதி பெற்றவர், கட்டணம் எவ்வளவு, கடைசியாகப் பாதுகாப்புச் சோதனை நடந்தது எப்போது, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறையாவது விவரம் தெரிந்த ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும், சரியில்லாத இடத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். காவல்துறைத் தளங்களில் சனி, ஞாயிறு காலை நேரத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒதுக்க முடிந்தால் ஒதுக்கட்டும். பெண் பிள்ளைகள் வருகிற இடத்தில் கழிப்பறையும் உடுப்பு மாற்ற அறையும் கூடவே ஒரு பெண் பொறுப்பாளரும் கட்டாயம் வேண்டும், இது இல்லை என்றால் எத்தனை பதக்கத்தைக் காட்டினாலும் எங்கள் பக்கத்து அம்மாக்கள் அனுப்ப மாட்டார்கள். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டி தமிழ்நாட்டில் நடந்தபோது கோவையும் அதில் ஒரு நகரம், ஆனால் துப்பாக்கி சுடுதல் சென்னையில்தான் நடந்தது. அடுத்த முறை நம் பக்கத்திலேயே நடத்துகிற அளவுக்கு ஒரு தளம் கொங்கு மண்டலத்தில் வர வேண்டும் என்று கேட்பது அதிகமா?

எங்கள் ஊரிலேயே பழைய வெல்லக் குடோன் ஒன்று இருக்கிறது. 60 அடி நீளம், நல்ல கருங்கல் சுவர். பிள்ளைகளுக்கு என்றால் வாடகை வேண்டாமுங்க என்று அதன் சொந்தக்காரர் சொல்லிவிட்டார், லைட்டுக்கும் பெட்டிக்கும் ஊரில் பணம் சேர்த்துவிடலாம். வந்து பார்த்து இந்த இடம் சரி, இன்னின்ன மாற்ற வேண்டும் என்று எழுத்தில் தர ஓர் ஆள் வேண்டும், வாரத்தில் சில நாள் வந்து நிற்க ஒரு கோச் வேண்டும். அதற்கு எந்த அலுவலகத்தில் யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும் என்று உங்கள் நிருபர் விசாரித்து மாவட்டப் பக்கத்தில் போட்டால், அடுத்த திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு நாங்களே கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோபிசெட்டிபாளையம், ஈரோடு மாவட்டம்.